கக்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டுமா?

குடியாத்தத்தை அடுத்த ஊரிலிருந்து நீங்கள் எழுதிய கேள்வியை இரண்டு முறை படித்தேன். முதல் குழந்தை, ஆண், இன்றைக்கு 25 நாள். பிறந்தபோது 2 கிலோ 850 கிராம்; நேற்று துணை சுகாதார நிலையத்தில் எடை பார்த்தபோது 3 கிலோ 350 கிராம். ஒவ்வொரு முறை குடித்த பிறகும் கக்குகிறான், சில நேரம் தயிர்போலத் திரிந்து வருகிறது. குடிக்கும்போதே புரையேறி மார்பை விட்டுவிடுகிறான். மலம் பச்சையாக, நுரைத்துப் போகிறது. பொழுது சாய்ந்தால் கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிட்டு அழுகிறான். "உன் பால் பிள்ளைக்குச் சேரவில்லை" என்கிறார் மாமியார். பால்பவுடர் டப்பா வீட்டுக்கு வந்துவிட்டது. அதைத் திறக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

திறக்க வேண்டாம், அம்மா. அதற்கான காரணத்தை உங்கள் கேள்வியிலேயே எழுதியிருக்கிறீர்கள்: அந்த 500 கிராம்.

நான் மருத்துவர் இல்லை. அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கத்துக் கிராமங்களில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பச்சை உடம்புக்காரிகள் இருக்கும் வீடுகளுக்குள் போய் உட்கார்ந்து, குழந்தை பால் குடிப்பதைக் கண்ணால் பார்ப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி. பிறந்த குழந்தை முதல் சில நாட்களில் கொஞ்சம் எடை இழக்கும். பத்து முதல் பதினான்கு நாட்களுக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். அதன்பின் முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் போதும். உங்கள் பையன் அந்தக் கணக்கைத் தாராளமாகத் தாண்டியிருக்கிறான். பால் சேராத குழந்தைக்கு இப்படி எடை ஏறாது. ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் வெளிர் நிறத்தில் சிறுநீர் போகிறானா என்று மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள். போகிறான் என்றால் உள்ளே போகும் பால் போதிய அளவு தங்குகிறது.

ஆனால் துணியைப் பார்த்தால் குடித்த பால் முழுவதும் வெளியே வந்துவிட்டதுபோல் தோன்றும். எனக்கு அது நன்றாகத் தெரியும். இதற்கு நான் வீடுகளில் செய்துகாட்டுவது ஒன்று உண்டு. மருந்து பாட்டிலோடு வரும் அளவு மூடியில் 10 மில்லி பாலை எடுத்து, குழந்தைக்குப் போடும் வெள்ளைத் துண்டில் ஊற்றுங்கள். கால் நிமிடம் பொறுத்துப் பாருங்கள். உள்ளங்கையைவிடப் பெரிய வட்டமாக ஊறி, ஓரம் பரவிக்கொண்டே போகும். இரண்டே தேக்கரண்டிதான். உங்கள் மாமியாரையும் பக்கத்தில் உட்காரவைத்து இதைச் செய்யுங்கள். நூறு வார்த்தை பேசுவதைவிட அந்த ஈர வட்டத்துக்குப் பலன் அதிகம்.

கக்குவது ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் சுருக்குப்பை வாய்போல ஒரு தசை இருக்கிறது. நமக்கு அது இறுகி நிற்கும். கைக்குழந்தைக்கு அடிக்கடி தளர்ந்துவிடும். குழந்தையின் உணவோ முழுக்க நீர். நாளெல்லாம் படுத்தே கிடக்கிறது. உணவுக்குழாயின் நீளமும் குறைவு. வயிறு நிறைந்து கொஞ்சம் அழுத்தம் கூடினாலே பால் மேலே வந்துவிடும். தயிர்போல வருவதைப் பார்த்துப் பால் கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள். இரைப்பையின் அமிலம் பட்டால் பால் திரியத்தான் வேண்டும். செரிமானம் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். நம் பாட்டிமார் "கக்குகிற பிள்ளை தக்கும்" என்று சொன்னது பார்த்துப் பழகிய கண்ணால் சொன்னது. பெரும்பாலான குழந்தைகளுக்கு நான்காம் மாதம் வாக்கில் இது உச்சத்தில் இருக்கும். உட்காரத் தொடங்கியதும் குறையும், ஒரு வயதுக்குள் நின்றுவிடும்.

இனி உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். கேள்வியின் கடைசியில், முக்கியமில்லாததுபோல, "இரண்டு மார்பிலும் சமமாகக் குடிக்கட்டும் என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுகிறேன்; மாற்றும்போது பால் பீய்ச்சி அடித்து அவன் முகமெல்லாம் நனைகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அந்த வரிதான். புரையேறுவது, பச்சை நுரை மலம், வாயு, கக்கல் ஆகிய நான்குக்கும் அதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மார்பு நிறைந்திருக்கும்போது முதலில் வரும் பாலில் கொழுப்பு குறைவு. மார்பு காலியாகக் காலியாகத்தான் கொழுப்பு கூடிய பால் வரும். கொழுப்புள்ள பால் வயிற்றில் சற்று நின்று மெதுவாக இறங்கும். ஐந்து நிமிடத்தில் பக்கம் மாற்றினால் குழந்தைக்கு இரண்டு பக்கத்திலும் முதல் பாலே கிடைக்கிறது. அது வேகமாகக் குடலுக்கு இறங்கும். அதிலுள்ள பால்சர்க்கரை முழுவதும் செரிக்க நேரம் போதாமல், பெருங்குடலில் நுரைத்து வாயுவாகும். பச்சையாக, நுரையாகப் போவது அதனால்தான். உங்களுக்குப் பால் சுரப்பும் அதிகம், பாயும் வேகமும் அதிகம். அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க அவன் மடக்மடக்கென்று விழுங்கும்போது காற்றும் சேர்ந்து உள்ளே போகிறது. பாலில் ஒரு குறையும் இல்லை.

ஆகவே இன்று இரவிலிருந்தே இப்படிச் செய்து பாருங்கள். சுவரோரம் பாயைப் போட்டு, முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து, நன்றாகப் பின்னால் சாய்ந்து உட்காருங்கள். குழந்தையை உங்கள் மேல் குப்புறச் சாய்த்து, வயிறும் வயிறும் ஒட்டும்படி பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது பால் மேல்நோக்கி ஏறி வர வேண்டும். அதனால் வேகம் தணியும். பீய்ச்சி வரும் முதல் அரை நிமிடப் பாலைத் துணியில் பிடித்துவிட்டு, பிறகு வாயில் கொடுத்தாலும் நல்லது. ஒரு பக்கம் தொடங்கினால், அவனாக விட்டுவிடும் வரை அதே பக்கம்தான். பத்து நிமிடமோ இருபத்தைந்து நிமிடமோ, கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். விட்ட பிறகும் வாயைத் திறந்து தேடினால் மட்டும் மறுபக்கம். அடுத்த முறை அந்த மறுபக்கத்திலிருந்து தொடங்குங்கள். குடிக்காத பக்கம் கனத்து வலித்தால், வலி தணியும் அளவுக்கு மட்டும் கையால் பீய்ச்சி எடுங்கள். முழுவதும் எடுத்தால் உடம்பு இன்னும் அதிகமாகச் சுரக்கும். சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் பால் கட்டியிருக்கிறது. அன்றே மருத்துவரைப் பாருங்கள், ஆனால் அந்தப் பக்கம் கொடுப்பதை நிறுத்தாதீர்கள்.

குழந்தை பற்றியிருக்கும் விதத்தையும் பாருங்கள். தாடை மார்பில் பதிந்திருக்க வேண்டும். வாய் அகலத் திறந்திருக்க வேண்டும். கீழுதடு வெளிப்புறம் மடிந்திருக்க வேண்டும். காம்பைச் சுற்றியுள்ள கரும்பகுதி மேலுதட்டுக்கு மேலே அதிகமும் கீழே குறைவுமாகத் தெரிய வேண்டும். காம்பை மட்டும் சப்பினால் கன்னம் குழியும், 'டக் டக்' என்று சத்தம் வரும், உங்களுக்கு வலிக்கும். அப்படியானால் சுண்டுவிரலை வாயோரம் நுழைத்து விடுவித்து, மறுபடி பொருத்துங்கள். மூன்று முறை தவறினாலும் நான்காம் முறை சரியாகப் பொருந்தும். ஒடுகத்தூர் பக்கம் ஒரு பெண், கன்னம் குழியக் குழியக் குடித்துக்கொண்டிருந்த குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். குழந்தையின் உடம்பை அவள் பக்கம் முழுதாகத் திருப்பினேன், அவ்வளவுதான். சத்தம் நின்றது. 'க்... க்...' என்று விழுங்கும் ஒலி கேட்டது. அவள் பல்லும் தளர்ந்தது.

ஏப்பம் எடுக்க முதுகில் ஓங்கித் தட்டவே வேண்டாம். சண்டிகரில் 71 தாய்களையும் அவர்கள் குழந்தைகளையும் வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஏப்பம் எடுக்கவைத்த குழந்தைகளுக்கு அழுகை குறையவில்லை, கக்குவது கூடத்தான் செய்தது. எனவே குடித்தபின் இருபது முதல் முப்பது நிமிடம் தோளில் நிமிர்த்திச் சாய்த்துக்கொள்ளுங்கள். ஏப்பம் வந்தால் வரட்டும், வராவிட்டால் விடுங்கள். அந்த நேரத்தில் தூளியில் போடாதீர்கள். தூளியில் உடம்பு வளைந்து வயிறு மடங்கும், கக்குவது அதிகமாகும். அரைக்குக் கட்டும் துணியின் முடிச்சு வயிற்றை இறுக்குகிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள். தூங்கவைக்கும்போது சமதரையில், மல்லாத்தித்தான் படுக்கவைக்க வேண்டும். கக்கினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று பயந்து குப்புறப் போடுபவர்கள் உண்டு. குப்புறத் தூங்கவைப்பதில்தான் உயிருக்கே ஆபத்து. விழித்திருக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு சிறிது நேரம் குப்புறப் போடலாம். வாயு பிரியவும் உதவும்.

மாலை அழுகை வேறு விஷயம். இரண்டாம் வாரத்தில் தொடங்கி, ஆறாம் வாரத்தில் உச்சம் தொட்டு, மூன்று நான்கு மாதங்களில் தானாக அடங்குவது அது. நன்றாக வளரும் குழந்தைகளுக்கும் வருகிறது. அந்த நேரத்தில் தோளில் போட்டு நடங்கள், வெளிச்சத்தைக் குறையுங்கள், உங்கள் வயிற்றின்மேல் அவன் வயிறு படும்படி கிடத்துங்கள். ஒவ்வொரு அழுகைக்கும் பசி என்று எண்ணி மார்பில் போட்டால், நிறைந்த வயிற்றில் இன்னும் நிறைத்து, மறுபடி கக்கவைப்பதாகிவிடும். நீங்கள் களைத்துப்போனால் கணவரிடம் கொடுங்கள். எட்டு மணிக்குமேல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடப்பது அவர் வேலையாக இருக்கட்டும்.

முக்கி, முகம் சிவந்து, பத்து நிமிடம் போராடி, கடைசியில் இளகிய மலமே போகிறான் என்றால் அது மலச்சிக்கல் இல்லை. முக்கவும் தளர்த்தவும் ஒரே நேரத்தில் இன்னும் பழகவில்லை. வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு எதையும் ஆசனவாயில் வைக்காதீர்கள்.

இப்போது வீட்டில் கொடுக்கப்போகும் மருந்துகள். உரைமருந்துக் கல் எங்கள் வீட்டிலும் இருந்தது. என் அம்மா எனக்குக் கொடுத்துத்தான் வளர்த்தார். இருந்தாலும் சொல்கிறேன், வேண்டாம். வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவுவது நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் நடப்பது. இரவில் அதன் பெயரைக்கூடச் சொல்லாமல் 'பேர் சொல்லாதது' என்பார்கள், அவ்வளவு மரியாதை. ஆனால் அதிலுள்ள பீட்டா அசரோன் என்ற பொருள் விலங்குகளில் புற்றுநோய் உண்டாக்கியதால், அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டிலேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டார்கள். ஜாதிக்காய் அதிகமானால் குழந்தை மயங்கிக் கிடக்கும். அதை நிம்மதியான தூக்கம் என்று நினைத்துவிடுவோம். தேன் ஒரு வயது வரை ஒரு துளியும் கூடாது, அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிரின் நஞ்சு கைகால்களைத் துவளவைத்து மூச்சையே நிறுத்தும். கிரைப் வாட்டர் 1851இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் தொடங்கியது; அந்தக் காலத்துக் கலவையில் சர்க்கரையோடு சாராயமும் இருந்தது, குழந்தைகள் அமைதியானதற்கு அதுவே போதும். இன்றைக்கு விற்பதில் சாராயம் இல்லை, வயிற்றுவலியைத் தீர்க்கும் என்பதற்குச் சான்றும் இல்லை. கழுதைப்பால் காய்ச்சாத பால்; அதன் வழியாகக் கிருமிகள் வரும்.

மாமியார் மனம் ஆற ஒரு வழி சொல்கிறேன். வசம்பு வேண்டுமென்றால், வாய்க்கு எட்டாதபடி தொட்டில் கயிற்றில் கட்டட்டும். அவருக்குக் குழந்தைமேல் இருக்கும் அக்கறையில் குறைகாண எதுவும் இல்லை.

குளிப்பாட்ட வரும் அம்மாளிடம் மட்டும் கண்டிப்பாக இருங்கள். சளி எடுக்கிறேன் என்று தொண்டையில் விரல் விடுவது, மூக்கில் ஊதுவது, எண்ணெய் விடுவது மூன்றையும் அனுமதிக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். பால் குடித்து ஒரு மணி நேரமாவது ஆன பிறகே குளிக்கவைக்க வேண்டும். சாம்பிராணிப் புகையும் வேண்டாம்.

வேலூர் வெயிலில் "பிள்ளைக்குத் தொண்டை வறளும், சங்கில் ரெண்டு பாலாடை தண்ணீர் கொடு" என்று சொல்லாத வீடு இல்லை. கத்திரி வெயிலிலும் தேவையில்லை. தாய்ப்பாலில் நூற்றுக்கு 88 பங்கு தண்ணீர்தான். தண்ணீர் கொடுத்தால் அந்தச் சின்ன வயிற்றில் பாலுக்கு இடம் குறையும், கிருமியும் போகும். வெயிலுக்கு இன்னும் இரண்டு முறை கூடுதலாகப் பால் கொடுங்கள். தண்ணீர் குடிக்க வேண்டியவர் நீங்கள். ஒவ்வொரு முறை கொடுக்க உட்காரும்போதும் பக்கத்தில் ஒரு சொம்பு இருக்கட்டும்.

பத்தியம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கத்தரிக்காய், பருப்பு, தக்காளி, கீரை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெறும் பூண்டுக் குழம்பும் ரசமும் சாப்பிடுகிறீர்கள். நீங்கள் கத்தரிக்காய் சாப்பிட்டால் குழந்தைக்கு வாயு வராது. உங்கள் குடலில் உண்டாகும் வாயு இரத்தத்தில் கலந்து பாலுக்கு வருவதில்லை. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பட்டினி கிடக்காதீர்கள். ஒரே விதிவிலக்கு: மலத்தில் சளியோடு இரத்தக் கோடுகள் தெரிந்தால், உடம்பெல்லாம் சொறி இருந்தால், நீங்கள் குடிக்கும் மாட்டுப்பாலின் புரதம் அவனுக்கு ஒவ்வாமல் இருக்கலாம். அப்போது மருத்துவர் சொல்லி நீங்கள் இரண்டு மூன்று வாரம் பால், தயிர், மோர் நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கும். அந்த நிலையிலும் தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை. பால்பவுடர் பெரும்பாலும் மாட்டுப்பாலில் செய்வதுதான் என்பதை மறந்துவிடாதீர்கள். தாய்ப்பால் சேரவில்லை என்று சொல்லி அந்த டப்பாவைத் திறப்பது எதையும் தீர்க்காது.

ஆனால் எல்லாக் கக்கலும் ஒன்றில்லை. இந்தப் பகுதியை வீட்டில் எல்லோரும் படிக்க வேண்டும்.

வாந்தி கரும்பச்சையாக, பித்தநிறத்தில் வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள். குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம், சில மணி நேரத்தில் குடலே அழுகிவிடும். அடுத்தது, மூன்று முதல் ஆறு வாரத்துக்குள், குடித்த ஒவ்வொரு முறையும் பால் ஓரடி தள்ளிப்போய் விழும்படி பீறிட்டு வருவது. பீறிட்ட உடனே குழந்தை மறுபடி பசியோடு தேடும், எடை இறங்கும். இரைப்பையின் கீழ்வாய்த் தசை தடித்து வழியடைத்திருக்கும். ஆண் குழந்தைகளுக்கு அதிகம் வருவது. சின்ன அறுவை சிகிச்சையில் முழுவதும் சரியாகிவிடும். வயிறு கல்போல உப்பி மலமும் வாயுவும் போகாமல் இருப்பது, வாந்தியில் இரத்தம், 100.4 டிகிரி பாரன்ஹீட் அல்லது அதற்குமேல் காய்ச்சல், பால் குடிக்க எழாமல் துவண்டு கிடப்பது, சிறுநீர் குறைவது, மூச்சு வேகமாகி விலா உள்வாங்குவது, இவற்றில் எது இருந்தாலும் 108ஐ அழையுங்கள். உங்கள் காம்பில் வெடிப்பு இருந்தால் அந்த இரத்தமும் கக்கலில் தெரியும். என்றாலும் மருத்துவரே பார்த்துச் சொல்லட்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு என் மனத்தில் ஒரு காரணம் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்து நான்காவது வருடம், மலையடிவாரத்தில் ஐந்து வாரக் குழந்தை ஒன்று பீறிட்டுப் பீறிட்டு வாந்தி எடுத்தது. சுளுக்குப் பிடித்து உரம் விழுந்துவிட்டது என்று புடவையில் போட்டு இருபுறமும் உருட்டினார்கள். மறுநாள் வயிற்றில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வேறொருவரிடம் தொக்கம் எடுத்தார்கள். மூன்றாம் நாள் நான் போனபோது உச்சிக்குழி உள்ளே இறங்கி, அழுதால் கண்ணீர் வராமல், தோலைக் கிள்ளினால் மடிப்பு அப்படியே நின்றது. மடியில் போட்டுக்கொண்டு அந்த ஊருக்கு வரும் கடைசி பஸ்ஸில் வேலூருக்குப் போனோம். அறுவை சிகிச்சை நடந்தது, பிழைத்தது. முந்தைய வாரம் அந்த வீட்டைத் தாண்டிப் போனவள் நான். தாய் "பால் கக்குகிறது" என்று சொன்னாள், "கக்கினால் நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். எவ்வளவு தூரம் போய் விழுகிறது என்று கேட்கவில்லை. எடை பார்க்கவில்லை. அதற்குப் பிறகு எந்தத் தாயிடமும் அந்த இரண்டையும் பார்க்காமல் நான் பதில் சொன்னதில்லை. உங்கள் பையன் எடையைக் கேட்டு அறியும் தேவை எனக்கு இல்லாமல் நீங்களே எழுதியிருந்தீர்கள். அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

பக்கம் மாற்றாமல் நான்கைந்து நாள் கொடுத்துப் பாருங்கள். மலம் மஞ்சளுக்குத் திரும்பும், புரையேறுவது குறையும். கக்குவது முழுவதும் நிற்காது, நிற்கவும் வேண்டியதில்லை. மாற்றமே தெரியாவிட்டால், அல்லது எடை ஏறுவது நின்றால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, அவர்கள் முன்னாலேயே ஒருமுறை பால் கொடுத்துக் காட்டுங்கள். கேட்டுச் சொல்வதைவிடப் பார்த்துச் சொல்வது சரியாக இருக்கும். உங்கள் பகுதிச் செவிலியரை வீட்டுக்கு வரச் சொல்லியும் கேட்கலாம், அது அவர் கடமை.

இன்னும் மூன்று வாரத்துக்குள் ஒன்றரை மாத ஊசி வரும், புதன்கிழமை போடுவார்கள். அன்று ஊசிக்கு முன்னால் எடை போடச் சொல்லி, தாய் சேய் நல அட்டையில் குறித்து வாங்குங்கள். 3 கிலோ 700ஐத் தாண்டியிருந்தால் எனக்கு எழுதுங்கள், தாண்டாவிட்டால் கண்டிப்பாக எழுதுங்கள். போகும்போது தோளில் பழைய துண்டு இரண்டு இருக்கட்டும், பஸ் குலுக்கலில் எப்படியும் கக்குவான்.